யாரோ வருகிறார்

நயினார்குளம் மார்க்கெட்டில்
வெங்காய லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது
ஜப்பான்காரி ஒருத்தி
என் சாரத்தை விலைக்குக் கேட்டாள்.
உடுத்தியிருந்த சாரத்தை.

கூட வந்தது மேலப்பாளையத்துப் பிள்ளை, ஷிஃபானா.
அந்த பாஷையில் பரீட்சை எழுதிப் பாஸானது.
"கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி,
இவங்க பேரு கசுமி. கிமோனோவுக்கு டிசைன் போடுறவங்க."
கிமோனோன்னா?
"ஒரே துணி. நேரா வெட்டி நேரா தைக்கிறது.
பித்தான் கிடையாது.
இழுத்து மூடி இடுப்புல கட்டிக்கிடணும்."
"அப்போ சாரந்தாம்லே அது" என்றான் பலவேசம்
மூடைக்கு அடியிலிருந்து.

நாலு நாளாய்ச் சுற்றியிருக்கிறாள்.
பத்தமடைப் பாய் பார்த்தாளாம்,
கோயிலில் பாடும் தூணைத் தட்டிப் பார்த்தாளாம்,
பட்டுக்கடை ஒவ்வொன்றிலும் காப்பி குடித்தாளாம்.
நோட்டில் ஒன்றும் ஏறவில்லை.
இங்கே வந்து வெங்காயச் சருகில் குத்தவைத்து
என் கரண்டைக்காலருகே ஸ்கேலை வைத்து
கத்திரிப்பூ நிறத்தில் எத்தனை இழை,
பச்சையில் எத்தனை,
நடுவில் ஓடும் மஞ்சள் ஒற்றையா இரட்டையா என்று
எண்ணுகிறாள்.
மார்க்கெட்டே வேலையை விட்டுச் சிரிக்கிறது.
நான் கல்லுப்போல நிற்கிறேன்,
கூச்சத்தில் வேர்த்து.

கப்பலேறிப் போன நம் பருத்திக் கோடுகளுக்கு
அவள் ஊரில் இன்னும்
சாந்தோம் என்றுதான் பேராம்.
அதைச் சொல்லும்போது மட்டும்
சொந்தக்காரி போலச் சிரித்தாள்.

அந்நேரம் கமிஷன்கடை முதலாளியின் புல்லட் சத்தம்.
வண்டி திரும்பி, நின்று, உள்ளே போனது.
கசுமி எழுந்துவிட்டாள்.
ஷிஃபானாவிடம் படபடவென்று ஏதோ சொன்னாள்.
"இன்னொரு தரம் செய்யச் சொல்றாங்க அண்ணாச்சி."
எதை?
"இப்போ செஞ்சீங்களே, அதை."
நான் ஒன்றுமே செய்யவில்லையே தாயி.

குனிந்து பார்த்தேன்.
மடித்துக் கட்டியிருந்த சாரம்
கால்வரை இறங்கிக் கிடந்தது.

மூடைகளுக்குப் பின்னால் போய்
துண்டைக் கட்டிக்கொண்டு அவிழ்த்துக் கொடுத்தேன்.
பணம் வாங்கவில்லை.
மறுநாள் ரெண்டு புதுச் சாரம் கொடுத்தனுப்பினாள்,
லேபிள்கூடக் கிழிக்காமல்.
வீட்டில் விஷயம் தெரிந்து
பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்:
"துவைக்காமயா குடுத்தீங்க,
கடல் தாண்டிப் போற துணிய?"

ஐப்பசி மழையில் லாரி வராத ஒரு மத்தியானம்
ஷிஃபானா போனைக் கொண்டுவந்து காட்டியது.
ஒரு கம்பில் ரெண்டு கையையும் விரித்து நின்றது
என் சாரம். பட்டில்.
அதே கத்திரிப்பூ, அதே பச்சை,
மஞ்சள் இரட்டை.
வலப்பக்கம், பீடிக் கங்கு விழுந்து பொத்தலான இடத்தில்
சிவப்பு நூலில் மிளகளவு ஒரு முடிச்சு.
"ஏலே, ஒன் பீடிக்குல்லாம் மரியாதையப் பாரு"
என்றான் பலவேசம்.

எனக்குக் கண் அங்கே நிற்கவில்லை.
முழங்காலுக்குச் சற்று மேலே
சுற்றிவர ஒரு கோடு,
கட்டங்கள் எல்லாம் அந்த இடத்தில் மட்டும் வெளிறி.
பதினோரு மாதம் மடித்துக் கட்டிய மடிப்பில்
வெயிலும் மூடையும் தின்றுபோன சாயம்.
அதையும் நெய்திருக்கிறாள்.
வெளிறலை வெளிறலாகவே,
இழை இழையாக.

இதுக்குப் பேரெல்லாம் வைப்பாங்களா?
"வச்சிருக்காங்க அண்ணாச்சி.
தமிழ்ல சொன்னா...
யாரோ வருகிறார்."

பலவேசம் சிரிக்கவில்லை.
தகரக் கொட்டகையில் மழை கொஞ்ச நேரம் பேசியது.

சாயங்காலம் மழை விட்டதும் புல்லட் வந்தது.
கை போகத்தான் செய்தது மடிப்புக்கு.
பழகின கை.
அவிழ்க்கும் முன்னால்
அந்த விளிம்பை, புதுச் சாரத்தில்
இன்னும் வெளிறாத விளிம்பை,
ஒருதரம் விரலால் நெருடிப் பார்த்தது.
அதற்குள் முதலாளி
என்னைக் கடந்து உள்ளே போயிருந்தார்.